கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்களா? முதலில் தகரத்தைத் தொடுங்கள்!

தலை சீவிய சீப்பைக் காகிதத் துண்டுகளின் பக்கம் கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் எல்லோரும் ஆடிய விளையாட்டு! அந்த விளையாட்டு மின்சாரம் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடும் என்றால் நம்புவீர்களா?

உரசலில் பிறக்கும் இதற்கு நிலை மின்சாரம் என்று பெயர். பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்தால் உண்டாகும். நைலான் புடவை உரசினால் உண்டாகும். நம் உடம்பில் தங்கியிருந்து, கதவுப் பிடியைத் தொட்டதும் 'சுரீர்' என்று பாயும். அந்தச் 'சுரீர்' நமக்குத் தெரிய வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். பயப்படாதீர்கள், அளவு மிகவும் கொஞ்சம். மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே எமன்! நமக்குத் தெரியாமலே நம் விரல் அவற்றைக் கொன்றுவிடும்.

சென்ற கோடையில் என் மைத்துனர் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது ரேம் போட்டார். ஏ.சி. அறை, பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளி நிறப் பையைப் பல்லால் கிழித்தார். மாட்டினார். ஓடியது! வீடே கை தட்டியது. மூன்று வாரம் கழித்து, மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது நின்றுவிட்டது. ரேம் போய்விட்டது என்றார் கடைக்காரர். எழுதியதும் போயிற்று.

காரணம் நிலை மின்சாரம்தானா? சாட்சி கிடையாது. அதுதான் இதில் உள்ள வம்பு. பாதி அடிபட்ட சிப் சில நாள் நன்றாக வேலை செய்யும், பிறகு சாகும். அப்போது யார் விரலை நினைக்கிறார்கள்?

"நூறு பெட்டி திறந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் உண்டு. பொய்யில்லை. இன்றைய சிப்புகளில் பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் காப்பாற்றுகிறது. ஏ.சி. அறையின் உலர்ந்த காற்று காப்பாற்றாது. காசில்லாத வழி இருக்கும்போது பல ஆயிரம் ரூபாயைச் சூதாடுவானேன்?

சுவிட்சை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த்துக்காகப் பிளக்கை விட்டுவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. எத்தனை வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்கிறது? பிறகு பெயிண்ட் இல்லாத தகரத்தைத் தொடுங்கள். உங்கள் உடம்பும் பெட்டியும் சமமாகிவிடும். நடுவில் எழுந்து நடந்தால் மறுபடி தொடுங்கள். புதுப் பாகத்தைக் கடைசி நிமிஷத்தில் பையிலிருந்து எடுத்து, ஓரத்தைப் பிடியுங்கள்.

இதற்கென்றே கையில் கட்டும் பட்டி விற்கிறது. அதற்குள் 10 லட்சம் ஓம் தடை உண்டு. தப்பித் தவறி மின்கம்பி பட்டாலும் உயிரைக் காக்கும் தடை அது. சிக்கனம் என்று வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்; அது உயிருக்கு உலை!

அந்தப் பையின் மேல் முக்கோணத்துக்குள் ஒரு கையும் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும். பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி. விற்கிற கடைக்காரர், "தகரத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள்" என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?