மூச்சைக் கவனித்தால் பொறுமை வருமா? திருப்பூர் பிள்ளைகளுக்கு மைண்ட்ஃபுல்னஸ் எவ்வளவு உதவும்?

"பையனுக்குப் பொறுமையே இல்லைங்க, சட்டுனு கோபம் வருது." பெற்றோர் கூட்டங்களில் சாதாரணமாகக் கேட்கும் புகார் இது. இதற்கு மருந்தாக இப்போது பலரும் கைகாட்டுவது மைண்ட்ஃபுல்னஸ். சில நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, மனதில் ஓடுவதை ஓட விட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தொடங்கிய 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' இதை வகுப்பறைக்கே கொண்டுவந்தது.

பலன் உண்டா? பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 'மைரியட்' ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் மனநலப் பாடங்களைவிட இதில் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை!

அப்படியானால் பொறுமை எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் 28 சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தது. "நல்ல கிரேயான் கொண்டு வர்றேன்" என்று எல்லோருக்கும் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு, "இந்த மிட்டாயைச் சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு" என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான்.

இதைத் திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர் வீட்டில் வைத்துப் பாருங்கள். "சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாங்கித் தர்றேன்" என்று அம்மா சொல்வது பொய் இல்லை. ஆனால் அது ஆர்டரைப் பொறுத்தது. ஷிப்மென்ட் நெருக்கடியில் காசு வரும், ஆனால் அம்மா வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். ஆர்டர் இல்லாத வாரம் அம்மா வீட்டில் இருப்பார், காசு இருக்காது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி விதித்தபோது பனியன் கம்பெனிகளுக்கே அடுத்த மாத ஆர்டர் நிச்சயமில்லை. இப்படி வளரும் பிள்ளை கிடைத்ததை உடனே பிடித்துக்கொண்டால், அதுவும் ஒரு கணக்குதானே?

பரீட்சைக்கு முன் நிதானமாக மூச்சு விடுவது படபடப்பைக் குறைக்கும், செலவும் இல்லை. செய்யட்டும். கூடவே, ஆர்டரை நம்பியிராத வாக்குகளும் வேண்டும். சைக்கிளுக்குப் பதில், "வந்ததும் பத்து நிமிஷம் உன்கூடத்தான்" என்று சொல்லலாம். 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் ஒருவகையில் அப்படித்தான்: கம்பெனி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பள்ளி நாளில் தட்டு வரும். கம்பெனிகள் ஓவர்டைமை சாயங்காலம் சொல்லாமல் முந்தின நாளே சொன்னால், வீட்டில் கொடுத்த வாக்கில் பாதியாவது தப்பும்.