ஆலோசனையும் குற்றமாகுமா?

பயங்கரவாத அமைப்பெனத் தடைசெய்யப்பட்ட இயக்கமொன்றுக்கு ஆயுதமோ பணமோ வழங்குவது குற்றம் என்பதை எவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால், சமாதான வழியில் பிணக்கைத் தீர்ப்பது எவ்வாறு என அந்த இயக்கத்துக்குக் கற்பிப்பதும் குற்றமாகுமா? ஆகும் என்றே அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

விடுதலைப் புலிகள் இயக்கத்தை 1997 ஒக்டோபரில் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. பட்டியலிலுள்ள அமைப்புகளுக்குப் பயிற்சி, நிபுணத்துவ ஆலோசனை, சேவை ஆகியவற்றை வழங்குவதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றமே. மருந்துக்கும் சமயப் பொருட்களுக்கும் மட்டுமே விதிவிலக்கு உண்டு. புலிகளுக்கும் குர்திஷ் தொழிலாளர் கட்சிக்கும் அரசியல், சட்ட உதவிகளை வழங்க விரும்பியோர் இதனை எதிர்த்து வழக்காடினர். சுனாமி நிவாரணத்தைக் கோரும் முறையைப் புலிகளுக்குப் பயிற்றுவிப்பதும் அந்த உதவிகளில் ஒன்று. 2010 ஜூன் 21 இல், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவர்களது வாதம் நிராகரிக்கப்பட்டது. எந்த உதவியும் அமைப்பின் ஏனைய வளங்களை வன்முறைக்கு விடுவிக்கும், அதற்கு அங்கீகாரத்தையும் தேடித்தரும் என்பதே நீதிமன்றத்தின் நியாயம். சுயாதீனமாகப் பேசலாம், அமைப்போடு இணைந்து செயற்படலாகாது.

இதன் தாக்கம் எமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 இல் வடமராட்சி கிழக்குக் கரையோரம் அழிந்தபோது, நாகர்கோவிலுக்கு அப்பாலுள்ள மருதங்கேணி, தாளையடி, செம்பியன்பற்று ஆகிய கிராமங்கள் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. புலிகளைத் தவிர்த்து அங்குள்ள மீனவரைச் சென்றடைவது இயலாத காரியம். 2005 ஜூன் 24 இல் சுனாமிப் பொதுக்கட்டமைப்பு கைச்சாத்தானபோது, புலிகள் பங்குபெறும் நிதியத்துக்கு நேரடியாக நிதி வழங்க இயலாதென அமெரிக்கா அறிவித்தது. ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் அதன் முக்கிய ஏற்பாடுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பொதுக்கட்டமைப்பு செயலிழந்தது.

மறுபக்கமும் உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியவர்கள் புலிகளே. உடன்படிக்கையில் தாம் ஒரு தரப்பாகக் கைச்சாத்திட இடமளிக்கப்படாததை முஸ்லிம்கள் எதிர்த்ததும், புலிகளின் கை ஓங்குமென அஞ்சியதும் நியாயமானவை. ஆயினும், ஓர் இனத்தை வெளியேற்றுவதும் சிறுவரைப் படையில் சேர்ப்பதும் குற்றம் என்று இயக்கத்துக்கு முகத்துக்கு நேரே எடுத்துரைக்கக்கூடியவர் சர்வதேசச் சட்டம் கற்பிக்கச் செல்பவரே. அவரை வாசலிலேயே தடுத்துவிட்டால் பாதிக்கப்பட்டோருக்கு என்ன பயன்?

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2022 டிசம்பரில் தனது சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமானப் பணிகளுக்கு விலக்களித்தது. உலகம் தாமதமாகவேனும் கற்ற பாடம் இது. இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பல தசாப்தங்களாகத் தமிழர் மீது பாய்ந்தது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்கள் மீதும் பாய்ந்தது. வரையறை மங்கலான சட்டம் இன்று ஒருவரையும் நாளை மற்றவரையும் தீண்டும் என்பதை இரு சமூகங்களும் அனுபவத்தில் அறியும்.

எனவே, அச்சட்டத்தின் இடத்தில் எந்தச் சட்டம் வந்தாலும், வன்முறைக்குத் துணைபோகும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். நிவாரணம், சட்ட உதவி, சமாதான முயற்சி ஆகியவற்றுக்கு வெளிப்படையான விலக்கு வேண்டும். தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் ஒரே குரலில் இதனைக் கோருவார்களா?