ஹைடெகரும் பேராசிரியப் பதவியும்

அரிஸ்டோட்டில் பற்றி 1924இல் மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தப் புகுந்த மார்ட்டின் ஹைடெகர், அவரது வாழ்க்கையைப் பிறப்பு, உழைப்பு, இறப்பு என்ற மூன்று சொற்களுள் முடித்துவிட்டு நூற்பொருளுக்குச் சென்றார். ஹைடெகரின் வாழ்க்கையையும் அவ்வாறே முடித்துவிட வேண்டுமென்போர் மெய்யியற்றுறைகளில் இன்றும் உளர். கருத்தை ஆராய்க, மனிதனை விடுக என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்வாதம், பேராசிரியப் பதவி இன்னதென்பதை அடியோடு மறந்த வாதமாகும். யார் கற்பிக்கலாம், யார் வெளியேறலாம் என்பவற்றிற் பேராசிரியரின் கையொப்பத்துக்கு நிறை உண்டு. அக்கையொப்பமும் ஆராயப்பட வேண்டியதே.

1927இல் 'இருப்பும் காலமும்' வெளிவந்தது. அது ஹைடெகரின் ஆசான் எட்மண்ட் ஹுசேர்லுக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு, ஓய்வுபெற்ற ஹுசேர்லின் பிரைபேர்க் பீடமே ஹைடெகருக்குக் கிடைத்தது. 1933 ஏப்ரிலில் அவர் அப்பல்கலைக்கழகத்தின் ரெக்டராகத் தெரிவுசெய்யப்பட்டார். மே முதலாந் திகதி நாசிக் கட்சியிற் சேர்ந்தார். அம்மாதம் 27ஆந் திகதி ஆற்றிய பதவியேற்புரையில், கல்விச் சுதந்திரம் எனப் போற்றப்பட்டு வந்ததை வெறும் எதிர்மறைச் சுதந்திரமெனத் தள்ளி, மாணவரை உழைப்புச் சேவை, படைச் சேவை, அறிவுச் சேவை ஆகிய மூன்றாலும் பிணைத்தார். அறிவு மூன்றாவதாக வந்தமை தற்செயல் போலும்! அந்த நவம்பரில், ஹிட்லரை ஆதரித்து வாக்களிக்குமாறு மாணவரைக் கேட்டுக்கொண்டார்.

அரசியல் அறியாத அப்பாவி தடுமாறினார் என்பர் சிலர். ஆயின் பதவியேற்புரையின் சொற்கள் கட்சித் துண்டுப் பிரசுரத்திலிருந்து மாத்திரம் வந்தவையல்ல; துணிபு, ஊழ், மக்களினம் ஆகியவை அவரது பெருநூலில் முன்னரே இடம்பெற்றவை. தம் மெய்யியலைத் தாமே அரசியலுக்குக் கொண்டுசென்றவரை அதிலிருந்து பிரித்துக் காப்பாற்ற முனைவோர், அவர் மெய்யியலை அவரிலும் குறைவாகவே மதிக்கின்றனர்.

பிழையான குற்றச்சாட்டுகளும் உள. ஹுசேர்லை ஹைடெகரே பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கினார் என்பது அவற்றுள் ஒன்று. யூத வழியினரான ஹுசேர்லைப் பாதித்த ஆணை, ஹைடெகர் பதவியேற்குமுன் பிறந்தது. யூத வழிவந்த இரு பேராசிரியரை நீக்கலாகாதென அவர் அமைச்சுக்கு எழுதியதும் உண்மையே. ஆயின் இரசாயனப் பேராசிரியர் ஹேர்மன் ஷ்டவுடிங்கரின் கதை வேறு. முதலாம் உலகப் போர்க்காலத்திற் போரை எதிர்த்தார் என்பதற்காக அவரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்து, 1934 பெப்ரவரியிற் பதவிநீக்கம் பொருத்தமென எழுதியவர் ஹைடெகரே. ஷ்டவுடிங்கர் 1953இல் நோபல் பரிசு பெற்றார்.

அக்காலத்தில் வேறு வழியில்லை என்பது இறுதி அரண். ஹைடெல்பேர்க்கில் கார்ல் யாஸ்பேர்ஸ் என்றொரு மெய்யியற் பேராசிரியர் இருந்தார். யூதரான தம் மனைவியைக் கைவிட மறுத்தமையால் 1937இற் பதவியிழந்தார். மறு ஆண்டு நூல் வெளியிடும் உரிமையும் போயிற்று. ஹைடெகர் 1934 ஏப்ரிலில் ரெக்டர் பதவியைத் துறந்தாரெனினும், 1945 வரை கட்சி உறுப்புரிமையைத் துறக்கவில்லை. 1938இல் ஹுசேர்லின் இறுதிக் கிரியைக்குச் செல்லவில்லை. 1941ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆசானுக்கான சமர்ப்பணம் மறைந்தது. நன்றி கூறும் அடிக்குறிப்பு மாத்திரம் உள்ளே ஒளிந்திருந்தது.

போரின் பின் விதிக்கப்பட்ட கற்பித்தல் தடை 1951இல் முடிவுற, அவர் மீண்டும் விரிவுரை மண்டபம் புகுந்தார். யூதப் படுகொலை பற்றி வெளிப்படையாக ஒரு சொற் கூறுமாறு, பழைய மாணவரான ஹேர்பேர்ட் மார்க்கூஸ் 1947இலேயே கடிதமூலம் கேட்டிருந்தார். ஜேர்மானியரும் கிழக்கிலே துன்புற்றனர் என்பதே கிடைத்த மறுமொழியின் சாரம். 1976இல் இறக்கும்வரை அச்சொல் வரவில்லை. 2014 முதல் அச்சேறிய கறுப்புக் குறிப்பேடுகளிலோ, யூத வெறுப்பு மெய்யியல் நடையிலேயே எழுதப்பட்டுள்ளது. மனிதனை விட்டுக் கருத்தை மட்டும் ஆராய விரும்புவோர், அக்குறிப்பேடுகளை எப்பக்கத்திற் சேர்ப்பர்?