தாயைக் காப்பது தருமமா, கடமையா?

எதியோப்பிய நாட்டின் தலைநகராகிய அடிஸ் அபாபாவில் இளவரசி செஹாயின் பெயரால் ஒரு வைத்தியசாலை நிறுவப்பட்டது. ஹைலே செலாசி சக்கரவர்த்தியின் புதல்வியாகிய அவர் இலண்டனிலே தாதிப் பயிற்சி பெற்றவர். 1942ஆம் ஆண்டில் பிரசவக் கோளாறினால் மாண்டார். சக்கரவர்த்தியின் மகளுக்கே, அதுவும் நோயாளரைப் பராமரிக்கக் கற்றவருக்கே, கதி இதுவாயின், மலைச்சரிவிலே தானியம் விதைத்து வாழும் உழவனின் மனைவிக்கு யார் துணை?

1959ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலைக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து ரெஜினால்ட் ஹம்லின், கதரின் ஹம்லின் என்னும் மகப்பேற்று வைத்தியத் தம்பதியர் வந்தனர். மருத்துவிச்சிமாரைப் பயிற்றும் பள்ளியொன்றை அமைப்பதே அவர்கள் வந்த வேலை. ஆனால் அவர்களைத் தேடி வந்த பெண்கள் பலரின் நிலை சொல்லுந்தரமன்று. பிள்ளை வழியில் சிக்கிக்கொள்ள, இரண்டு நாள் மூன்று நாளென நோவெடுத்துக் கிடந்தவர்கள் அவர்கள். பிள்ளையின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்கிய தசை இரத்தவோட்டமின்றி அழுகிப்போக, சிறுநீர்ப்பையிலே துவாரம் விழுகின்றது. பிள்ளை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாய் பிழைப்பாள், ஆயின் அன்று தொட்டு அவளையறியாமலே ஓயாது சிறுநீர் வடிந்துகொண்டிருக்கும். கணவன் விலகுவான், ஊரும் ஒதுக்கும். இந்நோய்க்குப் பிஸ்டுலா என்று பெயர்.

இப்பெண்களுக்கென்றே ஹம்லின் தம்பதியர் 1974இல் தனி வைத்தியசாலை கண்டனர். சக்கரவர்த்தி அரியணை இழந்ததும் அவ்வாண்டிலேதான். பின்வந்த இராணுவ ஆட்சியும் 1991இல் வீழ்ந்தது. வைத்தியசாலையோ நின்றது, இதுவரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கு சிகிச்சை பெற்றுள்ளனர். இளவயதில் இந்நோயுடன் ஹம்லின் தம்பதியரிடம் வந்த மாமிட்டு காஷே என்ற கிராமத்துப் பெண், பள்ளிப் படிப்பேதுமின்றியே சத்திரசிகிச்சையைக் கண்டும் செய்தும் பழகி, பிறநாட்டு வைத்தியர்களுக்கே அதனைக் கற்பிக்கும் நிலையை அடைந்தார். 1989இல் இங்கிலாந்தின் றோயல் சத்திரவைத்தியர் கல்லூரி ஹம்லின் தம்பதியருடன் அவருக்கும் பொற்பதக்கம் அளித்தது.

புகழத்தக்க செய்தியே, நாமும் புகழ்கின்றோம். ஆயினும் உலகம் இதனைப் புகழும் முறையில் எமக்கு உடன்பாடில்லை. தைத்து மூடப்பட்ட ஒவ்வொரு துவாரமும் ஓர் அரசு தன் கடமையில் தவறியதற்குச் சாட்சியன்றோ! பிள்ளை சிக்கிக்கொள்ளுதல் எந்நாட்டிலும் நிகழ்வதே. இலண்டனிலாயின் சில மணி நேரத்தில் சிசேரியன் சத்திரசிகிச்சை செய்து தாயையும் சேயையும் பிரித்தெடுத்துவிடுவர். எதியோப்பிய மலைநாட்டிலே அவளைச் சுமந்து செல்லப் பாதையில்லை, பாதையிருப்பின் வண்டியில்லை, வண்டியிருப்பினும் போய்ச் சேருமிடத்தில் வைத்தியர் இல்லை. இளமைமணமும் குறையுணவும் இடரைப் பெருக்குகின்றன என்பது மெய்தான். அதனைச் சாட்டாகக் காட்டி, "அவர்கள் வழக்கம் அப்படி" என்று கைகழுவுவோரை என்னென்பது! தாமதத்தால் வந்த நோய்க்குத் தாயின் மேற் பழிபோடுதல் எவ்வகை நியாயம்?

அந்நாட்டு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறோம். 2003ஆம் ஆண்டு தொடக்கம் பெண்களையே சுகாதார ஊழியராகப் பயிற்றி, ஊருக்கு இருவர் என்ற கணக்கில், முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சம்பளத்துடன் அனுப்பிற்று. 2000ஆம் ஆண்டில் நூறு பிரசவத்தில் 5 மாத்திரமே வைத்திய நிலையங்களில் நிகழ்ந்தன. 2016இல் 26 ஆயிற்று, 2019இல் 48. நூறாயிரம் பிறப்புக்கு 871 ஆக இருந்த தாய் மரணம் 2016இல் 412 ஆகக் குறைந்தது. எனினும் ஓராண்டுப் பயிற்சி பெற்ற ஊழியர் மருத்துவிச்சி ஆகார்.

இதனை நன்குணர்ந்தவர் கதரின் அம்மையாரே. எண்பது வயதைக் கடந்த பின்னர், 2007இல், எந்த வேலைக்காக அந்நாட்டுக்கு வந்தாரோ அந்த வேலைக்கே மீண்டு, மருத்துவிச்சிமார் கல்லூரியைத் தொடங்கினார். நாட்டுப்புற மாணவியரைத் தெரிந்து, நான்காண்டு பயிற்றி, அவரவர் பகுதிக்கே திருப்பி அனுப்புவது அதன் முறை. நோவு வேளையிலே தாயின் மொழியைப் பேசுபவள் அருகிருத்தல் சிறு நன்மையன்று. மொழியறியா உத்தியோகத்தர் முன் நின்று தம் நோயைச் சைகையால் விளக்கிய அனுபவம் நம்மவருக்கும் புதிதன்றே!

இவ்வளவும் எத்துணை எளிதில் அழியும் என்பதைத் திக்கிறே மாகாணம் காட்டிற்று. 2020 நவம்பரில் அங்கே போர் மூண்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பினர் 2021 மார்ச் வரை சென்று பார்த்த 106 வைத்திய நிலையங்களில் நூற்றுக்கு 70 வரை கொள்ளையிடப்பட்டிருந்தன. செவ்வனே இயங்கியவை நூற்றுக்கு 13 மாத்திரமே. அம்புலன்ஸ் வண்டிகளைப் படையினர் பறித்துச் சென்றனர். வைத்தியரும் தாதியரும் மாதக்கணக்காய்ச் சம்பளமின்றிப் பணி புரிந்தனர். துப்பாக்கியின் குறி எவர் மீதாயினும், வீட்டிலே நோவெடுத்துக் கிடந்தவளின் வழியும் அடைபட்டது. அத்தாய்மாரை எந்தப் போர்க் கணக்கிற் சேர்ப்பது?

2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2023இல் உலகெங்கும் மாண்ட தாய்மார் ஏறத்தாழ 2,60,000 பேரென்றும், அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளைச் சேர்ந்தோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அந்நாடுகளின் அரசுகளையும், அவற்றுக்கு உதவி நல்கும் செல்வ நாடுகளையும் நாம் கேட்பது இதுவே: புதிய கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டுமுன், ஊரிலுள்ள மருத்துவிச்சிக்கு மாதந்தோறும் சம்பளம் கிடைக்கச் செய்யுங்கள்; இரவிலே அழைப்பு வரும்போது அம்புலன்ஸ் வண்டியில் எண்ணெய் இருக்கச் செய்யுங்கள்.