தலைக்கவசத்துக்கு என்ன விலை?

"நல்ல தலைக்கவசம் வாங்கப் பணம் சேரட்டும்" என்று சொல்லிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் வெறுந்தலையோடு சைக்கிள் மிதிக்கும் நண்பர்கள் நம் விடுதிகளில் பலர். இவர்கள் வாதம் எனக்கு உடன்பாடன்று.

தலையைக் காப்பது பளபளக்கும் மேலோடு அன்று. உள்ளேயிருக்கும் பாலிஸ்டைரீன் நுரைதான். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அது தாங்கவேண்டிய சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 750 மடங்கு. நுரை நசுங்கி, 2 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 75 மடங்கே. ஐரோப்பாவின் இ.என். 1078 தரச் சோதனையில் இதன் உச்சம் 250ஐத் தாண்டலாகாது. அத்தரம் பெற்ற மலிவுக் கவசமும் இச்சோதனையில் தேறியதே அன்றோ?

பின் கூடுதல் பணம் எதற்கு? பெரும்பாலும் எடைக் குறைவுக்கும் காற்றுத் துளைகளுக்கும். நம் வெயிலில் துளைகளை அற்பமென்று தள்ளவும் முடியாது. வியர்வைக்கு அஞ்சிக் கழற்றி வைத்த கவசம் யாரைக் காக்கும்? சாய்ந்து மோதும்போது தலை சுழல்வதைக் குறைக்கச் சுவீடனில் உருவான மிப்ஸ் என்னும் நழுவும் உள்ளடுக்குக்குச் சற்றுக் கூடக் கொடுக்கலாம். நுரையே இல்லாத பிளாஸ்டிக் தொப்பியோ இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஒருமுறை அடிபட்டு நுரை நசுங்கிய கவசத்தை, என்ன விலை கொடுத்ததாயினும், எறிந்துவிடுங்கள்.