பாட்டி, அம்மா, ரெண்டு கோபுரம்

மெயின்கார்டு கேட் பக்கம் லூர்து மாதா கோயிலைத் தாண்டும்போதெல்லாம் ஜோசப் காலேஜ் நண்பனோட பாட்டி நினைப்புதான் வரும். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் கொடுத்தது. படிப்படியா லத்தீன் பூசை தமிழாச்சு, முதுகு காட்டி நின்ன சாமியார் ஜனங்க பக்கம் திரும்பினார். அதுவரைக்கும் பூசையில செபமாலை உருட்டிக்கிட்டிருந்த பாட்டி, இப்ப வாய் திறந்து பதில் சொல்லணும்! "புரியுது தம்பி, ஆனா எதையோ எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு"ன்னு கடைசி வரைக்கும் சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமையும் தவறலை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். எங்க பெருமாள் புறப்பாட்டில் தமிழ்ப் பிரபந்தம் முன்னே போகும், வேதம் பின்னே வரும். இன்னிக்கு அது சம்பிரதாயம். ஆரம்பிச்ச அன்னிக்கு எத்தனை பேர் முகம் சுளிச்சாங்களோ! மொட்டையா நின்ன ராஜகோபுரம் 1987-ல் 13 நிலையா எழும்பினப்போ, "பழசுதான் லட்சணம்"னு எங்க தாத்தாவே முணுமுணுத்தார். கும்பாபிஷேகத்துக்கு முதல் ஆளா கிளம்பினவரும் அவர்தான்.

மாத்தட்டும், வேண்டாங்கலை. ஆனா முணுமுணுக்கிறவங்களை நம்பிக்கை இல்லாதவங்கன்னு ஒதுக்காதீங்க. பாட்டி குறைப்பட்டுக்கிட்டேதான் நம்பினாங்க.

போன மாசம் அம்மாவை சித்திரை வீதி வீட்டுலேர்ந்து தில்லைநகர் ஃப்ளாட்டுக்கு அழைச்சிண்டு வந்தேன். லிஃப்ட் இருக்கு, முழங்காலுக்கு நல்லதுன்னு நியாயம் பேசினேன். "கோபுரம் தெரியற ஜன்னல் எதுடா?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்லை. இப்ப ஏகாதசிக்கு ஏகாதசி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ரெண்டு பேருமா ஸ்ரீரங்கம் போயிட்டு வரோம்.