யோசுவாவும் இயேசுவும்

'யேஷுவா' என்னும் எபிரேயப் பெயர் 'யெஹோஷுவா' என்பதன் குறுக்கம். 'யாவே மீட்பு' என்று பொருள்படும். கிரேக்கத்தில் 'ஷ' ஒலி இல்லை. ஆகவே அது 'ஸ'வாகத் திரிந்து, ஆண்பால் எழுவாய்க்குரிய ஈறும் சேர்ந்து 'ஈயேசூஸ்' ஆயிற்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பில், மோசேக்குப் பின் மக்களை வழிநடத்திய யோசுவாவின் பெயரும் இதுவே.

எபிரேயர் 4:8இல், மக்களுக்கு இளைப்பாறுதல் தராதவராகச் சுட்டப்படும் 'ஈயேசூஸ்' யோசுவாதான். முன்னவர் தராததைப் பின்னவர் தருவார் என்னும் வாதத்தின் வலிமை, இருவருக்கும் பெயர் ஒன்றாயிருப்பதில் உள்ளது. தமிழில் யோசுவா, இயேசு எனப் பிரித்தெழுதுகிறோம். குழப்பம் தவிர்க்க அது தேவைதான். ஆயினும், அவ்விடத்தில் ஓர் அடிக்குறிப்பேனும் எல்லாப் பதிப்புகளிலும் இருத்தல் வேண்டும். இல்லையேல், தெளிவுக்கு விலையாக ஒப்புமையையே இழக்கிறோம்.